அரசமுரசை அடித்தவள்

பேரரசர் போரில் விழுந்துவிட்டார்; வாரிசு இல்லை. எதிரியோ கோட்டை வாசலில்! அரசமுரசு அதிர்ந்தால்தான் படை நகரும். அதை ஆள்பவர் மட்டுமே அடிக்கலாம். வேறு யார் அடித்தாலும் தலை போகும். அதைக் கேட்டுப் புறப்பட்டவன் தலையும் போகும். தளபதி ரணகேசரியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வாசல் காத்த வீராங்கனை மாடத்தி ஓடிப்போய் அடித்தாள் பாருங்கள், கோட்டையே குலுங்கியது! படை சீறிப் பாய்ந்தது. எதிரி பின்னங்கால் பிடரியில் அடிக்க ஓடினான்.

ஜெயித்ததும் தளபதி மீசையை முறுக்கினார். "முரசைத் தொட்ட கழுதையின் தலையை வெட்டுங்கள்!"

"வெட்டட்டும் ஐயா," என்றாள் மாடத்தி. "முரசு கேட்டதும் முதலில் பாய்ந்தது யார்?"

"நானேதான்!" என்று மார்தட்டினார்.

"அப்படியானால் அடுத்த தலை உங்களுடையது. நான் ராணி என்றால் இரண்டும் தப்பும்."

தளபதி கழுத்தைத் தடவிப் பார்த்தார். அவர் போட்ட "மகாராணி வாழ்க!" கோஷம் முரசுச் சத்தத்தையே முழுங்கிவிட்டது.