டிரெட்மில்லில் வடிவழகி

நல்லதம்பி தன் மனைவி வடிவழகியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, சர்க்கரையைக் குறைக்க அவள் புதிதாகச் சேர்ந்த ஜிம்முக்குக் கிளம்பிய காலையில்தான். அன்று சாயங்காலம் கடைவீதியில் மாரடைப்பு. அவள் போன பிறகும் ஜிம் சந்தா மாதாமாதம் அவர் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. வாட்ச்மேன் சம்பளத்தில் அது அவருடைய மளிகைக் காசு.

ஜிம்முக்குப் போய் இறப்புச் சான்றிதழை நீட்டினார். மேனேஜர் அதைத் தொடக்கூட இல்லை.

"மெம்பர் நேர்ல வந்து சொன்னாத்தான் நிறுத்துவோம் பெரியவரே. அதுவரைக்கும் அவங்க மெம்பர்தான்."

"அப்ப அவ தினம் வரலாமா தம்பி?"

"தாராளமா வரச் சொல்லுங்க," என்று சிரித்தார் மேனேஜர்.

மறுநாள் காலை, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், மாலை போட்ட படத்தோடு நல்லதம்பி வந்தார். அதை டிரெட்மில்லில் சாய்த்து வைத்து ஊதுவத்தி ஏற்றினார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"என்ன பெரியவரே இது?" மேனேஜர் ஓடி வந்தார்.

"மெம்பர் வந்திருக்கா தம்பி. தினமும் கூட்டிட்டு வரேன். அமாவாசைப் படையலையும் இங்கேயே வச்சிடறேன்."

சந்தா அப்போதே நின்றது. பிடித்த பணமும் திரும்பி வந்தது.

போகும்போது நல்லதம்பி அவளுடைய லாக்கரைத் திறந்தார். உள்ளே வெள்ளை ஷூ இருந்தது. அதன் அடிப்பக்கம் இன்னும் தேயவில்லை.