தொட்டால் காலை மடக்கும் தம்பலப்பூச்சி

அந்தக் காலத்தில், மானும் மரமும் மனுசரோடு பேசிக்கொண்டிருந்தபோது, மண்ணில் சிந்திய ரத்தமும் பேசியது.

பாலை நிலத்தில் ஒரு கணவாய் இருந்தது. அதைக் காத்து நின்றது செங்கச்சைப் படை. கொற்றி அம்மனுக்கு நேர்ந்துவிட்ட படை அது. இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டியவன் வேறு தெய்வத்தைக் கும்பிடக் கூடாது, வேறு யாருக்காகவும் வாள் எடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக அம்மன் அவர்களுக்கு ஒரு வித்தை கொடுத்திருந்தாள். மோதிர விரலை உடைமரத்து முள்ளால் குத்தி, அவளுடைய கல்லுக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, "எழுந்திரு" என்றால் போதும். அந்தச் சொட்டு ஓர் ஆளாக எழுந்து நிற்கும். தலையிலிருந்து கால் வரை செம்பட்டு போர்த்திய மாதிரி இருக்கும். சோறு கேட்காது, தண்ணீர் கேட்காது, வெட்டினாலும் சாகாது. அதற்குச் சொட்டாள் என்று பெயர்.

சண்டை முடிந்ததும், ரத்தம் விட்டவனே வந்து அதன் நெற்றியைத் தொட்டு, "போதும்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் சொட்டாள் மண்ணுக்குத் திரும்பும். ஆனால் கச்சை கட்டும்போதே ஒரு சத்தியம் வாங்கிவிடுவார்கள். வெற்றி வருவதற்கு முன்னால் எவன் அந்தச் சொல்லைச் சொல்கிறானோ, அவன் உயிர் அம்மனுக்கு.

வெற்றிதான் வந்தபாடில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் கோடைதோறும் மாடு பிடிக்க இறங்குவார்கள். இவர்கள் விரட்டுவார்கள். அடுத்த கோடையில் மறுபடியும் இறங்குவார்கள். இப்படியே பன்னிரண்டு கோடை போயிற்று. எழுப்பிய சொட்டாள்களில் ஒன்றுகூட மண்ணுக்குத் திரும்பவில்லை. கணவாய் வாயில் அவை வெயிலில் நின்றது நின்றபடியே இருந்தன.

வேம்பன் இருபது வயதில் கச்சை கட்டியவன். அந்த மாதம்தான் ஊரில் அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள். இந்தக் கோடை முடிந்ததும் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொரு கோடையிலும் நினைத்துக்கொள்வான். இப்போது அவன் விரலில் குத்துவதற்கு இடமில்லை. குத்தினால் வலிகூடச் சலித்துப்போய் மெதுவாகத்தான் வந்தது.

ஒரு நாள் காலையில் மலைமேல் புகை தெரிந்தது. ஆளுக்கு ஒரு சொட்டாள் எழுப்பச் சொல்லிப் படைத்தலைவி காரியாத்தி உத்தரவு போட்டாள். வேம்பனும் விரலைக் குத்திக் கல்லுக்கு முன்னால் ஒரு சொட்டு விட்டான்.

"எழுந்திரு."

சொட்டாள் பாதி எழுந்தது. பிறகு அப்படியே உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

"என்னடா உட்கார்ந்துட்டே?"

"முடியல அண்ணே. உன் ரத்தம்தானே நான்? நீ நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு?"

கல்லுக்குப் பக்கத்தில் நின்ற அம்மனின் கலைமான் சிரித்துவிட்டது. "பொறந்ததும் பொறக்காததுமா கொட்டாவி. நல்ல வீரனாத்தான் பெத்திருக்கே."

"நீ மட்டும் என்னவாம்? நின்னுக்கிட்டே தூங்குறே" என்றான் வேம்பன்.

"அம்மன் எங்கே மேய விடுறா? தூக்கமாவது மிஞ்சட்டுமே."

வேம்பன் காரியாத்தியிடம் போனான். அவள் தன் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரத்தமே சோர்ந்துபோச்சு. எல்லாருமாச் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொல்லிடலாமே."

"சொல்லேன். சொல்லிட்டுச் செத்துப்போ. கணவாயை யாரு காப்பாத்துவா, உங்க அப்பனா?"

"அந்தச் சொட்டாளுங்க என்னக்கா பாவம் பண்ணிச்சுங்க?"

"நாம மட்டும் என்ன பண்ணினோம்? வெற்றி வரட்டும் வேம்பா." சொன்னவளுக்கே அதில் நம்பிக்கையில்லை. எழப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி கையை ஊன்றித்தான் எழுந்தாள்.

உச்சி வெயிலில் வேம்பன் கணவாய்க்கு நடந்தான். மானும் பின்னாலேயே வந்தது. இருபது வயதில் அவன் எழுப்பிய முதல் சொட்டாள் அங்கே நின்றது. கழுத்தில் ஒரு வெட்டு. தோளில் முறிந்த ஈட்டி முனை.

"வந்துட்டியா அண்ணே? இன்னைக்குச் சொல்லிடுவியா?"

பன்னிரண்டு வருடமாக இதே கேள்விதான். "இன்னும் கொஞ்ச நாள்டா" என்பதுதான் அவன் பதில். அன்று அந்தப் பொய் நாக்குக்கு வரவில்லை. முகம் தெரியாத மகளை ஒரு முறை நினைத்துக்கொண்டான். பிறகு சொட்டாளின் நெற்றியில் கை வைத்தான்.

"போதும்டா தம்பி. படு."

சுமையை இறக்கி வைப்பதுபோல அது படுத்தது. படுத்த இடம் கொஞ்சம் ஈரமாகி, பிறகு வெறும் மண்ணாயிற்று. சாவு வரும் என்று வேம்பன் கண்ணை மூடி நின்றான். அதற்குள் மற்றவை எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"எங்களுக்கு? எங்கள்ல பாதிப் பேரை எழுப்பினவங்க செத்துப்போயிட்டாங்களே அண்ணே. மிச்சவங்க சொல்ல மாட்டாங்க. யாரு சொல்லுவா?"

வேம்பன் மானைப் பார்த்தான்.

"என்னை ஏன் பார்க்கிறே? மண்ணுல கலந்தா எல்லா ரத்தமும் ஒண்ணுதான். உன்னுதைத் தடவிச் சொல்லிப் பாரு. எனக்கென்ன தெரியும், நான் மான்" என்றது அது.

உள்ளங்கையை வாளால் கீறிக்கொண்டு வேம்பன் வரிசை வரிசையாக நடந்தான். ஒவ்வொரு நெற்றியிலும் ரத்தம் தடவி அந்த ஒரு சொல்லைச் சொன்னான். ஒவ்வொன்றாகப் படுத்தன. பொழுது சாய்வதற்குள் அவன் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தான். காலையில் கல்லுக்கு முன்னால் அவன் எழுப்பியதுதான் கடைசி. அது இன்னும் எழுந்திருக்கவேயில்லை.

"எனக்குமா? நான் ஒண்ணுமே செய்யலையே!"

"அதான் நல்லது. படு."

அப்போது நிலம் அதிர்ந்தது. கையில் வாளோடு கொற்றி வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"யாரையும் கேக்கல தாயே. கேட்டா நீ விடமாட்டே."

"சத்தியம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. எடுத்துக்கோ. அதுங்களை மட்டும் திரும்ப எழுப்பிடாதே."

"மகளைப் பார்க்க வேண்டாமா?"

"பார்க்கணும்தான்" என்றான் வேம்பன்.

அம்மன் வெறிச்சோடிய கணவாயை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாளைத் தரையில் ஊன்றி, மெல்ல உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து மான் அதுவரை பார்த்ததில்லை.

"சத்தியத்தை என்னாலயும் மீற முடியாது வேம்பா. நீயும் அவங்களோட மண்ணுக்குள்ள போ. வருசம் முழுக்கத் தூங்குங்க. முதல் மழைக்கு மட்டும் கூப்பிடுவேன். சண்டைக்கு இல்ல. ஈரத்துல கொஞ்சம் நடந்துட்டு வரத்தான். ஆள் உசரத்துல எழுந்தா எவனாவது கச்சை கட்டி விட்டுடுவான். சொட்டு அளவுக்கே இருங்க."

"அப்பவும் எவனாவது கூப்பிட வருவானே தாயே?"

"தொட்டா, காலை மடக்கிக்கிட்டுச் செத்த மாதிரி கிட. செத்தவனை எந்தப் படையிலயும் சேர்க்கிறதில்ல."

வேம்பன் சிரித்தானாம். சிரித்தபடியே மண்ணில் சாய்ந்தான்.

மறுநாள் காலையில் மலையாட்கள் இறங்கினார்கள். காரியாத்தியும் மிச்சமிருந்தவர்களும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. வந்தவர்கள் கொஞ்சம் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். "பன்னிரண்டு கோடையும் இதுக்குத்தானா?" என்று காரியாத்தி கேட்டாள். கச்சையை அவிழ்த்துப்போட்டுவிட்டு அவரவர் ஊருக்கு நடந்தார்கள்.

அன்று முதல்தான், முதல் மழை பெய்த ஈரத்தில் தம்பலப்பூச்சி செம்பட்டு உடம்போடு வெளியே வந்து மெல்ல நடக்கிறது. யாராவது விரல் வைத்தால் எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கிறது. தொட்டவர் அந்தப் பக்கம் போகும்வரை எழுந்திருப்பதில்லை.