மலடி என்ற சொல்லுக்குப் பிறப்பு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே தேனருவி நாட்டைக் கடம்பராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவனுக்குப் பிள்ளை இல்லை. மலைநாட்டிலிருந்து வஞ்சிக்கொடியைக் கட்டிவந்தான், வயிறு திறக்கவில்லை. "மலடி" என்று சபையிலேயே சொல்லித் துரத்திவிட்டான். அதே மலைநாட்டிலிருந்து பூங்கோதையைக் கட்டிவந்தான். அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாவம், அந்தப் பெண் கும்பிடாத சாமியில்லை.

அரண்மனையில் ஒரு கவிராயர் இருந்தார், திருமேனி என்று பேர். மந்திரி வீரபாகுவைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். வீட்டில் கல்யாண வயசில் ஒரு மகள் வேறு, அவளை ராணியாக்க ஆசை. சும்மா இருப்பாரா?

ஒருநாள் ராஜா பூங்கோதையைச் சபையில் நிறுத்திவைத்துக் கேட்டான். "மலடி என்கிற சொல்லுக்குப் பொருள், வழக்கு, பிறப்பு மூன்றும் சொல்லுங்கள். கேட்டுவிட்டு இவளை அனுப்பிவிடுகிறேன்."

கவிராயர் முந்திக்கொண்டார். "பொருள், பிள்ளை பெறாதவள். வழக்கு, மலட்டு மாடு, மலட்டு நிலம். பிறப்பு என்ன பிறப்பு, பெண்ணோடு பிறந்த சொல்தானே மகாராஜா. ஆணுக்கு அதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?"

சபை சிரித்தது. பூங்கோதை தலையைத் தூக்கவில்லை. எங்கே போவாள்? மலடி என்று பேர் வாங்கிய மகளை அப்பன் வாசலில் சேர்ப்பானா என்று அவளுக்குப் பயம்.

மந்திரி எழுந்தார். "பொருளும் வழக்கும் கவிராயர் சொல்லிவிட்டார். பிறப்பைத்தான் தப்பாகச் சொல்கிறார். தங்கள் பிறந்தநாள் வரை பொறுங்கள், நான் காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால்?"

"ராணியம்மாவோடு நானும் கிளம்பிவிடுகிறேன்."

"சரி, மூட்டையைக் கட்டிவை" என்றான் ராஜா.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜா பிறந்தநாளன்று தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிவந்து வரிசையில் நிற்பார்கள். ராஜா தன் விரலால் பிள்ளையின் நாக்கில் தேன் வைக்க வேண்டும். பிள்ளையில்லாத மனுஷனுக்கு அதைவிடக் கொடுமை உண்டா? ஆனாலும் வைத்தான்.

வரிசையில் முக்காடு போட்ட ஒருத்தி வந்தாள். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. இடுப்பிலிருந்தது தேனை நக்கிவிட்டு ராஜாவின் மீசையைப் பிடித்து இழுத்தது. ராஜா வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை காலமாச்சு!

"யாரம்மா நீ? பிள்ளை யார் பெற்றது?"

"நான் பெத்ததுதான் மகாராஜா" என்று அவள் முக்காட்டை விலக்கினாள். வஞ்சிக்கொடி! "எங்க மலையில, புருஷன் துரத்திவிட்ட பொண்ணு தாலியை அறுத்துட்டு வேற ஒருத்தனைக் கட்டலாம். கட்டிக்கிட்டேன். மறுவருஷமே இந்தப் பெரியவன் பொறந்தான்."



மந்திரி மெதுவாகச் சொன்னார். "பிறப்பு கேட்டீர்கள் மகாராஜா. இந்தம்மாவிடம் தேடினேன், அங்கே இல்லை. அந்தச் சொல் பிறந்த இடம் தங்கள் வாய்தான்."

ராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. தன் தேன் விரலைப் பார்த்தான். பிறகு கவிராயர் பக்கம் திரும்பினான். "உம்முடைய மகளுக்கும் எனக்கும் முகூர்த்தம் எப்போது?"

கவிராயர் ஓரடி பின்வாங்கினார். "அது வந்து... பெண்ணுக்கு ஜாதகம் கொஞ்சம் சரியில்லை மகாராஜா."

"நேற்றுவரை சரியாக இருந்ததே" என்றான் ராஜா. குறை தன்னிடம்தான் என்று ஊரே அறிந்துவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கவிராயரை வெளியே அனுப்பினான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

"இன்று முதல் மலடி என்ற சொல் என் நாட்டில் கிடையாது. யாரும் யாரையும் அப்படிச் சொல்லி அனுப்பக் கூடாது. பூங்கோதை சாகும்வரை இங்கே ராணி."

சபை வாழ்த்தொலி எழுப்பியது. மந்திரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பூங்கோதை அதற்குள் படியிறங்கிப் போய் அந்தச் சின்னதைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். அது அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"மகாராஜா," என்றாள், "என்னையும் மலடின்னு சொல்லி அனுப்பிடுங்க. அக்காவைத் துரத்தின மாதிரியே துரத்திடுங்க. நானும் மலைக்காரிதான், எனக்கும் அந்த வழக்கம் உண்டு."

ராஜா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தச் சொல்லைத்தான் ஒழித்துவிட்டேனே" என்றான்.

அவள் மந்திரியைப் பார்த்தாள். எந்தச் சபையிலும் பதில் இல்லாமல் நின்றவரில்லை வீரபாகு. இப்போது தலையைக் குனிந்து கழுத்து முத்துமாலையைச் சரிசெய்துகொண்டார்.

நேரமாகிவிட்டது, மலையேற வேண்டும். வஞ்சிக்கொடி வந்து, பூங்கோதையின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.