மாதிரி வீட்டு வானம்

திண்டிவனம் பக்கம் மனையும் வீடும் விற்ற ரத்தினசபாபதிக்கு எந்த வானமும் போதவில்லை. அவருடைய மாதிரி வீட்டைப் படம் எடுத்து விளம்பரத்துக்கு மெருகேற்றும் வேலை ஜாஸ்மினுடையது. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுத்த படங்களை அவள் ஒன்றாக்கியபோது, இருட்டாயிருந்த ஜன்னலுக்குள் ஒரு மேகம் தெரிந்தது.

வீடு வாங்க வந்தவர்கள் மாதிரி வீட்டுக்கு முன்னால் அட்வான்ஸோடு உட்கார்ந்திருக்க, அவர் அவளை அதட்டினார்.

"வானத்தைப் பார்த்தாலே சிலிர்க்கணும். வீட்டுக்குப் பின்னால சூரியன் உதிக்கணும். ஆனா வாசல் கிழக்குப் பார்த்ததாவும் இருக்கணும். முடியலேன்னா இன்னையோட நின்னுக்கோ!"

"முடியும் சார்," என்றாள் ஜாஸ்மின். "கிழக்குப் பார்த்த வாசல்னா சூரியன் வாசலுக்கு எதிர்லதான் உதிக்கும். அதனால வீட்டுக்குப் பின்பக்கம் நின்னு எடுத்துட்டாப் போதும். எல்லாரும் வாங்க, நீங்களும் படத்துல நிக்கலாம்."

படத்தில் விழும் ஆசையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"அந்தப் பக்கம் பாம்பு இருக்கு!" என்று கத்தினார் ரத்தினசபாபதி.

"குடியிருக்கப்போற இடத்துலயா?" என்று கேட்டுக்கொண்டே ஓர் அம்மா முன்னால் நடந்தார்.

பின்பக்கம் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வெறும் முகப்பைச் சவுக்குக் கம்புகள் தாங்கிக்கொண்டு நின்றன. அட்வான்ஸ் பைகளெல்லாம் கக்கத்துக்குள் போயின.

"உன்னை வானத்தைத்தானே பார்க்கச் சொன்னேன்!" என்று பல்லைக் கடித்தார் அவர்.

"பார்த்தேன் சார். அது உங்க வீட்டுக்குள்ளேயே இருந்துது."