எடைமேடையில் திறந்து வைத்த மானிட்டர்

தக்காளி லாரியை எடைமேடையில ஏத்தி நிறுத்தினப்ப மணி பத்து. பதினோரு மணிக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல ஏலம். எடைச்சீட்டு இல்லாம போனா கேட்லயே திருப்பி விட்டுருவாங்க. மழையில நனைஞ்ச சரக்கு, இன்னைக்கு விக்கலைன்னா நாளைக்கு ரசம்தான். சீட்டு வாங்க உள்ள போனா, மானிட்டரோட பின்மூடியைக் கழட்டிப் போட்டிருக்கு. ஆட்டுக்கல் கனத்துக்கு ஒரு பழைய டப்பா மானிட்டர். பக்கத்துல ஸ்க்ரூட்ரைவரோட மெக்கானிக் பொன்னுக்காளை.

எவ்வளவு நேரமாகும்ணேன்னு கேட்டேன். நேரா பதில் சொல்ற ஆளா அவரு? சுவிட்சை அமத்தினாலும் படக்குழாய்க்குள்ள கரண்டு உக்காந்திருக்குமாம், அது இறங்கற வரைக்கும் கை வைக்கக் கூடாதாம். சொல்லிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு.

ஒரு பள்ளிக்கூடத்து மானிட்டர்ல படம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிப் போச்சாம். இவரு பக்கவாட்டுல ஒரு தட்டுத் தட்டினாராம். தட்டு கொஞ்சம் கூடிப் போய், படம் பெட்டியைத் தாண்டி, சுவத்தைத் தாண்டி, பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் அதைப் பார்த்தே பரீட்சை எழுதிருச்சாம்.

எனக்குப் பின்னாடி முருங்கைக்காய் லோடோட வந்த வேலுச்சாமி, "எல்லாரும் பாஸா?"ன்னான்.

"கணக்குல மட்டும் ரெண்டு பேரு போயிட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன்"னாரு.

மணி பத்தே கால். அண்ணே, தக்காளின்னேன். கையமத்திட்டு மில்லு கதைக்குப் போயிட்டாரு. அங்க மானிட்டர் மூலையில பச்சையும் ஊதாவுமா திட்டு விழுந்துருச்சாம். காந்தத்தை எடுக்கிற வளையத்தை முன்னாடி ஒரு சுத்து சுத்தினாராம். திட்டு போச்சு. ஆனா ரோட்டுல போன டவுன் பஸ்ஸு பின்னாலயே இழுத்துக்கிட்டு வந்து மில்லு வாசல்ல நின்னுச்சாம். ரெண்டாவது தடவை சுத்தினதும் பஸ்ஸு கிளம்பிருச்சாம், கண்டக்டரோட விசில் மட்டும் இவரு சட்டையில ஒட்டிக்கிச்சாம்.

விசில் பிளாஸ்டிக் இல்லையாண்ணேன்னு வேலுச்சாமி கேட்டான். அந்தக் கண்டக்டர் வசதியான ஆளு, இரும்பு விசில்தான் வெச்சிருந்தாருன்னு அடிச்சு விட்டாரு. எனக்குச் சிரிப்பும் வருது, ஆத்திரமும் வருது. வெளிய வண்டிங்க ஹாரன் அடிக்குது.

பத்தரைக்குப் பழனி கதைக்குப் போயிட்டாரு. ஒரு தடவை அவசரப்பட்டு படக்குழாய் மூடியில கை வெச்சாராம். தூக்கி எறிஞ்சதுல முப்பது கிலோமீட்டர் பறந்து, படியே ஏறாம மலை மேல போய் விழுந்தாராம். முடியெல்லாம் பொசுங்கி, மொட்டையும் தானா ஆகிருச்சாம். உடம்புல மிச்சமிருந்த கரண்டுல விஞ்ச் வண்டி மூணு நாள் ஓடுச்சாம்.

மணி பத்தே முக்கால். என் பொறுமை போச்சு. "ஏம்மா மரகதம், வேற வழியே இல்லையா? என் பொழப்பு அழுகிக்கிட்டு இருக்கு"ன்னு சீட்டு போடுற பொண்ணுகிட்ட கத்திட்டேன்.

மரகதம் ஒரு சீட்டை எடுத்து நீட்டினா. "நீங்க வண்டியை ஏத்தினப்பவே அடிச்சு வெச்சுட்டேன்ணே."

"மானிட்டர் ஓடலையேம்மா?"

"அது செத்து ஒன்பது நாளாச்சு. எடை கம்ப்யூட்டருக்குத் தானா வந்துரும், பதினாலு வருஷமா அடிக்கிற அதே கீபோர்டுதானே, கண்ணை மூடிட்டே அடிப்பேன். அண்ணன் தினமும் வந்து திறந்து வெச்சுட்டுப் பேசுவாரு. நீங்களும் வாயைப் பொளந்துட்டு நின்னீங்க, கதை கேக்கத்தான் நிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

சீட்டைப் புடுங்கிட்டு ஓடினேன். மிதிச்சா ஏலத்தைப் புடிச்சிரலாம். வண்டியைக் கிளப்பினா, பொன்னுக்காளை ஸ்க்ரூட்ரைவரோட வாசல்ல வந்து நிக்கிறாரு. முகத்துல வெக்கம் துளி இல்லை.

"பார்த்துக்க தம்பி, நான் கை வெச்ச மானிட்டர். செத்த பிறகும் சீட்டு போடுது."