பக்கத்து மாடி முல்லை

எங்கள் தியானக் கூடத்தில் தெய்வநாயகம்தான் வயதில் மூத்த சீடர். அறுபத்து மூன்று. குரு பூங்கோதை அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதில் தெய்வநாயகத்துக்குக் கூச்சம் கிடையாது. தன் வீட்டைப் பற்றிப் பெருமை பேசுவதிலும் கூச்சம் கிடையாது. கேட்டுக் கேட்டு எங்களுக்குத்தான் காது புளித்துப் போயிற்று.

ஒருநாள் அவரே வாடிய முகத்தோடு வந்தார்.

"அம்மா, மோட்டார், விளக்கு, வீடு பெருக்கறது, செடிக்குத் தண்ணி, எல்லாம் தானா நடக்குது. ஒவ்வொரு வயரும் நானே இழுத்தது. எல்லாம் என் சம்சாரத்துக்காகத்தான். அவ என்னடான்னா, காலையில எழுந்ததும் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய் அவங்க செடிக்குத் தண்ணி ஊத்துறா. என் வீட்டுல அவளுக்கு என்ன குறை?"

அம்மா மறுநாள் காலை அவர் வீட்டுக்கே கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

கதவு தானாகத் திறந்தது. விளக்கு தானாக எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அசந்துதான் போனேன். தெய்வநாயகம் எங்களை மாடித் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் சொட்டுக் குழாயைக் காட்டினார்.

"இதுல மட்டும் நாலு தடவை தோத்தேன்மா. அஞ்சாவது தடவை தண்ணி வந்தப்போ சின்னப் பிள்ளை மாதிரி குதிச்சேன்."

அந்த நேரம் அவர் மனைவி செண்பகம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தார். முந்தானையெல்லாம் ஈரம். உள்ளங்கை நிறைய முல்லை.

"கொடி பட்டுப்போச்சுன்னு வெட்டப் பார்த்தாங்கம்மா. வேண்டாம்னு தடுத்து நான்தான் பிழைக்க வெச்சேன்," என்றார். கூடத்துக்கு வந்தபோதெல்லாம் அப்படி ஒரு நிமிர்வை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

அம்மா ஒரு பூவை எடுத்து முகர்ந்தார். பிறகு தெய்வநாயகத்திடம் திரும்பினார்.

"ஐயா, எனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் ஒருத்தர் இருக்கார். நாளையிலிருந்து இந்த வீட்டு வயரிங் எல்லாத்தையும் அவரே பார்த்துக்கட்டும். நீங்க ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட வேண்டாம். நிம்மதியா உட்காருங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? இது என் கையால செஞ்சது. இன்னொருத்தர் வந்து பார்த்துக்கிட்டா, காலையில எழுந்து நான் என்னதான் பண்றது?"

"பக்கத்து வீட்டுல ஏதாவது ஃபேன் ஓடாம கிடக்கும். போய்ப் பாருங்க," என்றார் அம்மா.