மூக்காயிக்கு அன்னிக்கு லீவு

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரப் பூனை. பேரு மூக்காயி. கடலோர ஊரு அது. லீவு விட்டா போதும், வெளியூர்க்காரங்க தூண்டில் ராடும் கையுமா கல்லுப்பாலத்துக்கு மீன் பிடிக்க வந்துருவாங்க. கேக்குறியா?

"ம்."

அங்க ஒரு வழக்கம். இரைக்கு வெச்ச இறாலைக் காக்கா தூக்காம மூக்காயி காவல் காக்கும். அதுக்குக் கூலி, ஆளுக்கு முதல்ல மாட்டுற மீன். அன்னிக்கு மூணு பேர் வந்தாங்க: ஒரு தொப்பிக்காரர், ஒரு கண்ணாடிக்கார அம்மா, ஒரு செல்ஃபி அண்ணன். டீக்கடைக்காரர் விஷயத்தைச் சொன்னாரு. "சரி சரி"ன்னாங்க. கரையில கெடந்த படகுக்கு அடியில மூக்காயியோட மூணு குட்டியும் பாலுக்குக் கத்துதுங்க. தாய் சாப்பிட்டாத்தானே பால்?

அப்போ தொப்பிக்காரருக்கு ஒரு கிழங்கான் மீன் மாட்டுச்சு. போட்டோ எடுத்துட்டு, மூக்கால பேசுனாரு: "பாவம்ங்க, அதுக்கும் குடும்பம் இருக்கும்ல!" தொபுக்! கடல்ல விட்டுட்டாரு.

'அப்போ எனக்குக் குடும்பம் இல்லையா?' உர்ர்ர்!

அப்புறம் கண்ணாடிக்கார அம்மாவுக்கு ஒரு மடவை மீன். "ஐய்யே, பூனைக்கா? மசாலா தடவி வறுத்தா எப்படி இருக்கும்!" டப்! ஐஸ்பெட்டியை மூடிட்டாங்க. உர்ர்ர்ர்ர்!

அப்புறம் செல்ஃபி அண்ணன். மீனை மூக்காயி மூக்குக்கு நேரா ஆட்டி, "குதி செல்லம், குதி! வீடியோ ஓடுது!" குதிச்சா மேல தூக்குவான். ஹிஹிஹி! கடைசியில பையில போட்டுக்கிட்டான். தூங்கிட்டியா?

"ம்ஹும்."

மூக்காயிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுது. ஆனா பிராண்டல, கடிக்கல. நேரா பாலத்துக் கடைசிக்குப் போயி, முதுகைக் காட்டி உக்காந்துருச்சு.

கா! கா கா! காகாகாகா! ஊர்க் காக்கா மொத்தமும் எறங்கிருச்சு. லபக், லபக், லபக்!

"ஏய் பூனை! வெரட்டு, வெரட்டு!"

மூக்காயி காதை மட்டும் திருப்புச்சு. "நான் லீவு."

இரை டப்பாவுல ஒரு பிடி இறால்தான் மிச்சம். செல்ஃபி அண்ணன் ஓடிவந்து, பையில இருந்த மீனை மூக்காயி முன்னாடி வெச்சான். அப்புறம் அந்தம்மா ஐஸ்பெட்டியைத் தொறந்தாங்க. தொப்பிக்காரர்கிட்டதான் மீன் இல்லையே? தலையைக் குனிஞ்சு டிபன் பாக்ஸைத் தொறந்தாரு. உள்ள என்ன தெரியுமா? வறுத்த வஞ்சிரம்!

"குடும்பம் இருக்கும்னு சொன்னாரே!"

அதேதான்! மூக்காயி அவரை ஒரு பார்வை பாத்துச்சு பாரு, டிபன் பாக்ஸைக் கீழ வெச்சுட்டு மனுஷன் பின்னாலயே நகந்தாரு. மூணு மீனையும் ஒவ்வொண்ணா படகுக்கடிக்குத் தூக்கிட்டுப் போயிருச்சு. காவலுக்குத் திரும்பி வரவே இல்ல. கா கா கா!

"கோவம் போச்சா?"

போகல. வயிறுதான் நெறஞ்சுது. குட்டிங்க பால் குடிச்சுத் தூங்கிருச்சுங்க. மூக்காயி மட்டும் ஒத்தக் கண்ணைத் தொறந்து வெச்சு இன்னும் உர்ருங்குது. தூண்டில் நரம்பைச் சுத்தியாச்சு, ராடை மடக்கியாச்சு, கதையும் கரையேறிருச்சு. நீ ரெண்டு கண்ணையும் மூடு.